பச்சைக்கு அடியில் ஒரு நம்பர்

“…பள்ளம் பள்ளமா இருந்துச்சு மேடம். துருதான் அரிச்சுடுச்சுன்னு நெனைச்சு, நானே பட்டி வச்சு மூடி, மேல ரெண்டு கோட்டு பச்சை அடிச்சுட்டேன்” என்று ஆரோக்கியம் சார் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில், காலை பதினோரு மணிக்கு, நான் டவலை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். ஏனென்றால் சார் சொன்ன அந்தப் பள்ளங்கள்தான் டீச்சருடைய ஜீப்பின் சேஸிஸ் நம்பர். கம்பெனியில் அடிச்சட்டத்து இரும்பிலேயே குத்தி அனுப்புகிற எண். வண்டி இன்னாருடையது என்பதற்கு அதுதான் சாட்சி. அதை மூடுகிறவன், சுரண்டுகிறவன், மாற்றுகிறவன் எல்லாரும் திருட்டு வண்டிக்காரர்கள். தன் கையாலேயே மூடியதாக ஆபீசரிடம் போய்ப் பெருமையாகச் சொன்ன மனிதரை என் முப்பத்தெட்டு வருஷ சர்வீஸில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதிலும் முதல் நாள் சாயந்திரம்தான் அவர் வாயே திறக்கக் கூடாது என்று நாங்கள் மூன்று பேரும் பேசி முடிவு செய்திருந்தோம்.

எப்படி அங்கே வந்து நின்றோம் என்பதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் நான் செய்த தப்பைச் செய்யாமல் இருக்கலாம். வேறு தப்பு எவ்வளவோ இருக்கிறது.

டீச்சர் சொன்ன நோய்

நான் ஏழாவது வரை படித்தவன். புதுப்பேட்டையில் இன்ஜின் கழுவப் போய், பார்த்துப் பார்த்து ஜீப் மெக்கானிக் ஆனேன். இப்போது பட்டறை கிடையாது. ஸ்கூட்டரில் இரண்டு டூல் பை; வீட்டுக்கே போய் வேலை. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் அநேகம் பேர் சந்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள். அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிடும். நாம் உள்ளே போவது சுலபம்.

எனக்கு ஒரு பழக்கம். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால், வண்டிக்கு என்ன என்று கஸ்டமரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்வேன். அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வேன். ஆழ்வார்பேட்டை டாக்டர் ஒருவர், “காலையில எழுந்திரிக்கவே மாட்டேங்குது. எழுந்துட்டா ரொம்பக் கோவமா இருக்கு” என்றார். பேட்டரி வீக், ஐட்லிங் ஜாஸ்தி. மயிலாப்பூர்க் குளத்துப் பக்கத்து மாமா ஒருவர், “ஆத்துல நிக்கறச்சே சாதுவா இருக்கு மணி, ரோட்டுக்கு வந்தா ஆடிண்டே வரது” என்றார். ஸ்டியரிங் லூஸ். பாதி ரிப்பேர் அவர்கள் பேச்சிலேயே இருக்கும். மீதிப் பாதிக்குத்தான் நாம் குனிய வேண்டும்.

ஸ்டெல்லா டீச்சர் வீடு சாந்தோம் பக்கம் ஒரு சந்தில். ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர். எழுபதைத் தாண்டியவர். அவர் சொன்னதை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்:

“பிரேக் மிதிச்சா எடது பக்கமா சாமி கும்பிடப் போகுது, மணி. ஹேண்ட் பிரேக் போட்டா, போட்டது எனக்கு மட்டும்தான் தெரியும், வண்டிக்குத் தெரியாது. மத்தபடி தங்கம்.”

தங்கத்துக்கு வயசு முப்பதுக்கு மேல். டீசல் ஃபோர் வீல் ஜீப். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் டீச்சர் அதை ஊரூர் குப்பத்துக் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய், சந்திலுள்ள பதினோரு வீட்டுக்கும் சேர்த்து மீன் வாங்கி வருவார். மீன் படகுக்குப் பக்கத்திலேயே போய் நிறுத்துவார். மணலில் கார்கள் புதைந்து நிற்கும். டீச்சர் ஃபோர் வீல் லீவரைப் போட்டுக்கொண்டு அவற்றையும் கயிறு கட்டி இழுத்துவிட்டு, வஞ்சிரத்தோடு வீட்டுக்கு வருவார்.

மகன் வேளச்சேரியில் இருக்கிறார். அம்மா இந்த வயதில் ஜீப் ஓட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. ரினியூவல் வருமே, அதை வைத்து ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தார். நான் போன அன்று போன் ஸ்பீக்கரில் அதையே மறுபடியும் சொன்னார்.

“அம்மா, ரினியூவல் ஆச்சுன்னா நீங்க ஓட்டுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆகலைன்னா சாவிய என்கிட்ட குடுத்துடணும். மீன் ஆன்லைன்ல வாங்கிக்கலாம்.”

“ஆன்லைன்ல செவுளத் தூக்கிப் பாக்க முடியுமாடா?”

“பேச்சு பேச்சா இருக்கணும்மா.”

“இருக்கும். வை போன.”

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “கேட்டுட்டல்ல மணி? வெள்ளிக்கிழமை காலையில இன்ஸ்பெக்‌ஷன். தேறலைன்னா நான் பஸ்ஸுல.”

அவர் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி, எனக்கு ஆரோக்கியம் சார். ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அவரும் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள ஆசையும் இல்லை. அவருடைய உறவெல்லாம் பெயின்ட் பிரஷ்ஷோடு. கேட், ஜன்னல் கம்பி, மீட்டர் பெட்டி, மோட்டார் மூடி, துணி காயப்போடும் கம்பம் எல்லாம் ஒரே பச்சை. ஜீப் கடல் காற்றும் உப்பு மணலுமாக வருவதால், அடியில் தண்ணீர் அடித்துக் கழுவி, மீந்த பெயின்ட்டை அங்கேயும் அடித்துவிடுவார்.

“அசையாம நின்னா அடிச்சுடுவாரு மணி” என்றார் டீச்சர். “அதான் நான் ஓடிக்கிட்டே இருக்கேன்.”

கடைசிக்கு வைத்த வேலை

கையில் மூன்று நாள் இருந்தது.

பிரேக் இடது பக்கம் இழுத்தால் பல பேர் இடது வீலைத்தான் கழற்றுவார்கள். இடது வீல் ஒழுங்காகப் பிடிக்கிறது, அதனால்தான் அந்தப் பக்கம் இழுக்கிறது. நோய் எதிர்ப்பக்கம். வலது முன் ட்ரம்மைத் திறந்தால், வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் முழுக்க பிரேக் ஃப்ளூயிட்டில் ஊறியிருந்தது. சிலிண்டரையும் இரண்டு பக்க ஷூவையும் மாற்றினேன். பிரேக் குழாயில் புகுந்த ஏரை எடுப்பதற்கு டீச்சரை சீட்டில் உட்கார வைத்து, “பம்ப் பண்ணுங்க டீச்சர்… புடிங்க… விடுங்க” என்று அடியிலிருந்து கத்தினேன்.

“முப்பத்தாறு வருஷம் நான் பசங்கள எழுந்திரு, உக்காருன்னேன். எல்லாத்துக்கும் சேத்து நீ பழி வாங்கறியா?”

“இன்னும் நாலு தடவை டீச்சர்.”

இரண்டாம் நாள் ஹேண்ட் பிரேக். இந்த மாதிரிப் பழைய ஜீப்பில் அது வீலில் இருக்காது. கியர் பாக்ஸுக்குப் பின்னால் தனி ட்ரம்மில் இருக்கும். ஆயில் சீல் போய், ஷூவெல்லாம் எண்ணெய்க் குளியல். சீல் மாற்றி, ஷூ மாற்றி, அட்ஜஸ்ட் செய்தேன். பிறகு ஹார்ன், வைப்பர், இண்டிகேட்டர். ஸ்பிரிங் புஷ் இரண்டு. கிராஸ் ஜாயின்ட்டுக்கு கிரீஸ். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு டீச்சர், “இப்பத்தான் வண்டிக்கும் எனக்கும் ஒரே புத்தி” என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஒரே ஒரு வேலை பாக்கி. சேஸிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரிண்ட் எடுத்து, ஃபாரத்தில் ஒட்ட வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. நம்பர் எங்கே ஓடிவிடப் போகிறது என்று கடைசிக்கு வைத்திருந்தேன்.

வலது முன் வீலுக்குப் பின்னால், சேஸிஸ் ரெயிலில் காகிதத்தை வைத்துத் தேய்த்தேன். காகிதம் கறுப்பானது. எழுத்து ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் தள்ளித் தேய்த்தேன். அங்கேயும் வெறும் கறுப்பு. கையை வைத்துப் பார்த்தால் கேரம் போர்டு மாதிரி வழவழ.

“சார், இந்த எடத்துல பெயின்ட் அடிச்சிருக்கீங்களா?”

“எந்த எடத்துல அடிக்கல?” என்றார் ஆரோக்கியம் சார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடி, பெயின்ட் ரிமூவர் வாங்கி வந்து பூசினேன். தோல் தோலாக உரிந்தது. அவர் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்து ஒவ்வொரு தோலுக்கும் பெயர் சொன்னார். “இது போன கிறிஸ்துமஸுக்கு கேட்டுக்கு அடிச்ச பச்சை. இந்த சிமென்ட் கலர் பேத்திக்கு சர்ச்சுல புதுநன்மை குடுத்தப்ப. இந்த மெரூன் பாரு, டீச்சருக்குப் புடிக்கல, ஒரே மாசத்துல மாத்திட்டேன். இது கொரோனாவுல வீட்டுக்குள்ள அடைச்சு வச்சிருந்தாங்களே, அப்ப…”

அங்கே நிறுத்திவிட்டார். கொரோனாப் பச்சைக்கு அடியில் இரும்பு வரவில்லை. வெளிர் மஞ்சளாக, கல் மாதிரி ஒன்று வந்தது. பட்டி.

“டீச்சர், காபி போடட்டுமா?” என்று எழுந்தார்.

டீச்சர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “அம்பது வருஷத்துல இவரு தானா காபி போடறேன்னு சொன்னது மூணே தடவை, மணி. மூணு தடவையும் ஏதோ ஒடஞ்சிருந்துச்சு. என்னங்க செஞ்சீங்க?”

சொன்னார். போன ரினியூவலுக்கு அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்து பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். அடுத்து ஊரடங்கு. சும்மா இருக்க முடியாமல் ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறார். கண்ணாடி போடாமல். இரும்பில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளம். உப்பு அரித்துவிட்டது என்று மனசு கேட்காமல், ஒவ்வொன்றாகப் பட்டி வைத்து, எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்.

“எமரி வேறயா!” என்றேன்.

“வழவழன்னு வரணும்ல?”

அப்போது எனக்கு வந்த பதற்றத்தில்தான் பெரிய தப்பு செய்தேன். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பட்டியை நெம்பினேன். வழுக்கியது. கடைசியில் இருந்த ஏழு என்கிற எண் மேல் குறுக்கே பளிச்சென்று ஒரு கோடு விழுந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

“அத கீழ வை, மணி” என்றார் டீச்சர். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் பேசுகிற குரல். நான் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு டீச்சர் கணக்குதான். இரும்பு படக் கூடாது. ரிமூவரைத் தடவி ஊற வைப்பது, மூங்கில் குச்சியால் நோண்டுவது, பழைய டூத் பிரஷ்ஷால் துடைப்பது. ஒரு எழுத்துக்குப் பத்து நிமிஷம். பழைய பெட்ஷீட்டை விரித்து மூன்று பேரும் மாறி மாறிப் படுத்தோம். பக்கத்து வீட்டு அம்மா காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்து, “டீச்சர், சனிக்கிழமை எனக்கு சங்கரா ஒரு கிலோ” என்றார். “மொதல்ல சனிக்கிழமை வரட்டும்” என்று ஜீப்புக்கு அடியிலிருந்து பதில் போனது.

ஆறு மணிக்கு நம்பர் முழுசாக வந்தது. பிரிண்ட் எடுத்தேன். தெளிவாக விழுந்தது, ஏழின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோட்டோடு.

“கேட்டா, பழைய வண்டி, நாங்க வாங்கறப்பவே அப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிடலாம்” என்றேன். இந்தத் தொழிலில் நான் பல பேருக்குச் சொல்லிக்கொடுத்த வசனம் அது.

டீச்சர் வீட்டுக்காரரைப் பார்த்தார். “நாளைக்கு நீங்க வாயே தொறக்கக் கூடாது.”

“தொறக்க மாட்டேன் டீச்சர்.”

மைதானம்

பிரேக் இன்ஸ்பெக்டர் என்பது நாம் வைத்த பெயர். மோட்டார் வாகன ஆய்வாளர். அன்றைக்கு வந்தவர் நாற்பது வயதுப் பெண் அதிகாரி. காக்கி மடிப்பு கலையவில்லை.

“யாரு ஓட்றது?”

“நான்தான்.”

“வயசு என்னம்மா?”

“ஃபாரத்துல போட்டிருக்கு, பாருங்க.”

டீச்சர் ஓட்டினார். இன்ஸ்பெக்டர் சொன்ன இடத்தில் பிரேக்கை மிதித்தார். ஜீப் அங்கே இங்கே போகாமல் நேராக நின்றது. ஹேண்ட் பிரேக் போட்டுத் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. லைட், ஹார்ன், வைப்பர் எல்லாம் சரி. நான் மனசுக்குள் டிபன் என்ன சாப்பிடலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் குனிந்து போன் டார்ச்சை அடித்தார். பச்சைச் சேஸிஸில் ஒரு ஜன்னல் வெட்டியது போல, அந்த இடம் மட்டும் பளபளவென்று வெறும் இரும்பு.

“இது என்ன, இங்க மட்டும் புதுசா சொரண்டியிருக்கு? ஏழு மேல என்ன கோடு?”

“பழைய வண்டி மேடம்” என்றேன். “வாங்கறப்பவே அப்படித்தான்…”

நான் முடிக்கவில்லை. ஆரோக்கியம் சார் முன்னால் வந்து, துரு, பள்ளம், பட்டி, பச்சை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கண்ணாடி போடாததைக்கூட விடவில்லை.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். “சேஸிஸ் நம்பர்ல கை வச்சா என்ன ஆகும்னு தெரியுமா, பெரியவரே? வண்டியவே புடிச்சு வச்சுட்டு லேபுக்கு எழுதலாம்.”

“தெரியாது மேடம். தெரிஞ்சிருந்தா பட்டி வச்சிருக்க மாட்டேன். பெயின்ட் மட்டும் அடிச்சிருப்பேன்.”

டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அந்த மனிதர் வெள்ளைச் சட்டையோடு, ஒன்றையும் மறைக்காமல் வெயிலில் நிற்கிறார். நான் டவலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொய்க்குப் பின்னால் நிற்கிறேன். எனக்கே நன்றாக இல்லை.

“அந்தக் கீறல் என்னுது மேடம்” என்றேன். “நேத்து அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவர் வச்சேன், வழுக்கிக்கினு போயிடுச்சு. வாங்கறப்பவே இருந்துச்சுன்னு சொன்னது பொய்யி.”

இன்ஸ்பெக்டர் டீச்சர் பக்கம் திரும்பினார். “நீங்க எதுனா சொல்லணுமாம்மா?”

“இவரப் பேசக் கூடாதுன்னு சொன்னது நான்” என்றார் டீச்சர்.

இன்ஸ்பெக்டர் எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஆபீசுக்குள் ஆள் அனுப்பிப் போன ரினியூவல் ஃபைலைத் தேடச் சொன்னார். “ஓரமா நில்லுங்க. ஃபைல் வந்தாத்தான் வண்டி வெளிய போகும்.”

ஒரு மணி நேரம் வேப்ப மரத்தடியில் நின்றோம். ஃபைல் கிடைக்காவிட்டால் ஜீப் அங்கேயே நிற்கும்; சாவி வேளச்சேரிக்குப் போகும். அது மூன்று பேருக்கும் தெரியும்.

“நீங்க பேசாம இருந்திருந்தா இந்நேரம் வீட்டுல இருப்போம்” என்றார் டீச்சர்.

“மணி சொன்னத அந்தம்மா நம்பவே இல்ல டீச்சர். மூஞ்சப் பாத்தேனே. திருட்டு வண்டிய ஓட்டிக்கிட்டு வந்த மாதிரி உன்ன ஒரு பார்வை பாத்தாங்க. அதான் பொறுக்கல.”

டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினார்.

ஃபைல் வந்தது. அதில் அஞ்சு வருஷத்துக்கு முந்தின பென்சில் பிரிண்ட் ஒட்டியிருந்தது. ஃபாரத்தில் ஒட்டியிருந்த என் பிரிண்ட்டை இன்ஸ்பெக்டர் பார்க்கவே இல்லை. என்னிடம் பென்சிலை மட்டும் வாங்கி, தானே குனிந்து, தானே தேய்த்து எடுத்தார். இரண்டு காகிதத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். அந்தக் காலத்து நம்பர் கையால் குத்தினது. மெஷின் மாதிரி நேராக இருக்காது.

“இந்த நாலு கொஞ்சம் சாஞ்சு நிக்குது” என்றார். “அப்பவும் சாஞ்சிருக்கு, இப்பவும் சாஞ்சிருக்கு. ஏழும் அதே ஏழுதான்.” பானெட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருந்த கம்பெனி பிளேட்டையும் இன்ஜின் நம்பரையும் ஃபைலோடு ஒத்துப் பார்த்தார். ஃபாரத்தில் கீறலைப் பற்றி இரண்டு வரி எழுதினார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

“பெரியவரே, அந்த எடத்துல இனிமே கிரீஸ் மட்டும்தான். பிரஷ் படக் கூடாது.”

“ஒரு கட்டம் விட்டுட்டு சுத்தி அடிக்கலாமா மேடம்?”

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். “கட்டம் பெருசா விடுங்க.”

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், வண்டிக்கு என்ன என்று கேட்டு எழுதியதும், முதலில் குனிந்து நம்பரைப் பார்க்கிறேன். பிரிண்ட் இரண்டு எடுத்து ஒன்றைக் கஸ்டமரிடம் கொடுத்துவிடுகிறேன். பிறகுதான் ஸ்பேனர். ஆபீசர் கேட்டால் என்ன பொய் சொல்வது என்று தயார் செய்வதும் ரிப்பேரில் சேர்த்தி என்று ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன். அந்த வேலையை நிறுத்திவிட்டேன். பிரேக்கைச் சரி செய்வதே போதுமான வேலை.

டீச்சர் அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டு, “ஆயிடுச்சுடா. உனக்கு வஞ்சிரமா, சங்கராவா?” என்று மட்டும் கேட்டார். ஏறி உட்கார்ந்து இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

“ஏறுங்க” என்றார் வீட்டுக்காரரிடம்.

“ஒரே நிமிஷம் டீச்சர்.”

எங்களுக்குப் பின்னால் வரிசையில் ஒரு பழைய வேன் நின்றுகொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் முன் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியம் சார் நேராக அவரிடம் போனார்.

“தம்பி, உன் வண்டி நம்பரப் பாத்துட்டியா?”

“இன்னா நைனா, முன்னாடி பிளேட்டுலயே எழுதிக்கீதே?”

“அது இல்லப்பா. அடியில.”

வேன்காரர் முழித்தார். ஆரோக்கியம் சார் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டினார். பிறகு வெள்ளைச் சட்டையோடு அந்தச் சரளைக்கல்லில் மல்லாந்து படுத்து, காலால் உந்தி உந்தி, வேனுக்கு அடியில் போய்விட்டார்.